வெளியில வைச்ச கத்தரிக் கண்டு ஏன் வெளுக்குது?

பேஸ்மென்ட்ல லைட் போட்டு வளர்த்த கத்தரி, மிளகாய்க் கண்டுகளை மே முதல் கிழமை நல்ல வெயிலெண்டு டெக்கில வைச்சாராம், ரெண்டு நாளில இலையெல்லாம் கடதாசி மாதிரி வெளுத்துப்போச்சாம், என்ன மருந்து அடிக்கிறது எண்டு ரொறன்ரோ ஸ்காபரோ வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

மருந்து ஒண்டும் அடிக்காதேங்கோ. இது நோயில்லை, வெயில் சுட்டது. லைட்டுக்குக் கீழ வந்த இலை மெல்லிசு, நேர் வெயிலைத் தாங்காது, காத்தும் பட்டுப் பழக்கமில்லை. நடுக்குருத்து பச்சையா இருந்தா கண்டு தப்பும், வெளுத்த இடம் திரும்பப் பச்சையாகாது, ஆனா புது இலை வருமட்டும் அந்த இலையளைப் புடுங்க வேண்டாம்.

இப்ப உள்ளுக்க எடுத்துப்போட்டு முதல்ல இருந்து பழக்குங்கோ. முதல் நாள் நிழலில ஒண்டு ரெண்டு மணித்தியாலம் காணும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, காலை வெயில் காட்டி, மத்தியான வெயிலைக் கடைசியா விடுங்கோ, எல்லாத்துக்கும் ஒரு கிழமை பத்து நாள் பிடிக்கும்.

அடுத்தது இரவுக் குளிர், கனபேர் இதைப் பாக்கிறதில்லை. ரொறன்ரோவில மே மாசம் பகல் 20 டிகிரி காட்டிப்போட்டு இரவு 5க்கு இறங்கும். கத்தரியும் மிளகாயும் 10க்குக் கீழ போனா உடனை சாகாது, அப்பிடியே வளராமக் குந்தியிருக்கும், பிறகு சூடு வந்தாலும் எழும்ப நாள் எடுக்கும். விக்டோரியா டே லோங் வீக்கெண்டில, அதுதான் மே 25க்கு முன்னால வாற திங்களோட, எல்லாரும் நடுகினம், தக்காளிக்கு அது சரி, கத்தரி, பாவல், புடோலுக்கு நானெண்டா இரவு 13 டிகிரிக்குக் கீழ போகாம நிக்கிற வரைக்கும், அனேகமா ஜூன் தொடக்கம் வரைக்கும் பொறுப்பன். கடையில ஏப்ரல் கடைசியிலயே கண்டு அடுக்கிவைச்சிருப்பினம், அது அவையின்ர வியாபாரம்.

நடேக்க தக்காளியை மட்டும் தண்டு பாதி தாழுற மாதிரி ஆழமா வையுங்கோ, மண்ணுக்குள்ள போன தண்டிலயும் வேர் விடும். கத்தரியைச் சாடியில இருந்த அளவுக்கே வையுங்கோ. விடிய எழும்பிப் பாக்க கண்டு மண்மட்டத்தில நறுக்கின மாதிரி விழுந்து கிடந்தா அது வெட்டுப்புழு, மிச்சக் கண்டுகளுக்கு டொய்லெட் ரோல் மட்டையை வெட்டி அடித்தண்டைச் சுத்தி மண்ணுக்குள்ள ஒரு அங்குலம் இறங்கக் குத்திவிட்டாக் காணும்.

கத்தரி நடுற நாள் வரைக்கும் கை சும்மா இருக்கேலாதெண்டா வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி இப்பவே விதையுங்கோ, அதுகள் இந்தக் குளிரில நல்லா வரும், ஜூலை வெக்கையில விதைச்சாத்தான் மல்லி இலை தராமப் பூத்துப்போடும்.