எம்மாவு எங்கே?

கேள்வி: லூக்கா 24:13, உயிர்த்தெழுந்த இயேசு இரண்டு சீடர்களோடு நடந்துசென்ற எம்மாவு என்னும் கிராமம் எருசலேமுக்கு 'ஏழு அல்லது எட்டு மைல்' தூரம் என்கிறது. புனிதப் பயணத்தில் எங்களுக்குக் காட்டிய இம்வாஸோ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அளந்தாலே தீர்ந்துவிடும் காரியத்தை, சென்ற இதழில் 'இடம் உறுதியாகவில்லை' என்று ஏன் மழுப்பினீர்கள்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மழுப்பவில்லை. நீங்கள் சொல்லும் அளவை வேலையைச் சிலுவைப் போர்க்காரர்கள் 12-ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். அப்படி அளந்து எம்மாவு என்று முடிவுசெய்த அபு கோஷ் என்ற ஊரில் அவர்கள் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. பின்னர் அதே தூரக் கணக்கில் எல்-குபேபா என்ற ஊரும் எம்மாவு ஆயிற்று. ஆனால் அவ்விரண்டு ஊர்களுக்கும் அதற்கு முன் அந்தப் பெயர் வழங்கியதற்குச் சான்று இல்லை.

பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது, 1967-இல் இடித்துத் தள்ளப்பட்ட இம்வாஸ் கிராமம்தான். நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் சுட்டியதும் அந்த இடத்தையே. அதே நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதி என்னும் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியில், லூக்காவின் கிரேக்க மூலத்திலுள்ள அறுபது ஸ்டேடியா (சுமார் 11 கிலோமீட்டர், அதாவது நீங்கள் காட்டும் ஏழெட்டு மைல்) என்னும் அளவுக்கு முன்னால் 'நூறு' என்ற ஒரே சொல் கூடுதலாக நிற்கிறது. அந்த ஒரு சொல்லால் தூரம் 30 கிலோமீட்டராகிவிடுகிறது. அதைவிடப் பழைய 75-ஆம் பாப்பிரஸ் என்னும் கையெழுத்துப் பிரதியிலும், ஏறக்குறைய அதே காலத்து வத்திக்கான் பிரதியிலும் அந்தச் சொல் இல்லை. ஊரை முன்பே முடிவுசெய்துகொண்டவர்கள் அதற்கேற்ப எண்ணைத் திருத்தினார்கள் என்றே நான் கருதுகிறேன். மேலும், பொழுது சாய்ந்து பந்தியிருந்த சீடர்கள் 'அந்நேரமே' எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று 33-ஆம் வசனம் சொல்கிறது. 30 கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள், மலையேறி மீண்டும் அவ்வளவு தூரம் நடந்து, கூடியிருந்தவர்களை அன்றிரவே கண்டார்கள் என்பதை ஏற்பது கடினம்.

எஞ்சுவது எருசலேமுக்கு மேற்கே மோட்சா அருகே இருந்த கலூனியா. ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் 800 பழைய படைவீரர்களைக் குடியேற்றிய எம்மாவு எருசலேமிலிருந்து 30 ஸ்டேடியா (சுமார் 5.5 கிலோமீட்டர்) என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்தக் குடியேற்றத்துக்கான லத்தீன் சொல்லே கலூனியா என்ற பெயரில் தங்கியது. பெயரும் பொருந்துகிறது, இரவில் திரும்புவதும் இயலும் என்பதால், என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் தேடுவேன். ஆனால் யோசேப்பஸின் 30 ஸ்டேடியா வேறு, லூக்காவின் 60 வேறு. லூக்கா போகவரச் சேர்த்துக் கணக்கிட்டார் என்று சிலர் சொல்லும் சமாதானத்துக்கு அந்த வசனம் இடம் தரவில்லை; அது ஊரின் தூரத்தைத்தான் சொல்கிறது. அந்த இடைவெளியை நிரப்பச் சான்று கிடைக்கும்வரை, சென்ற இதழில் எழுதியதை மாற்ற மாட்டேன்.