பெர்தாவுக்கு வேறு பெயர் உண்டு: பின்காலனிய மறுபுனைவு, கேள்வி பதில்

கேள்வி: ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ ஸீ’, சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் அயர்’ நாவலின் முன்கதைதானே சார்? பின்காலனியம் என்ற பெரிய சொல் எதற்கு?

பதில்: முன்கதை மூலத்தை நம்பும், விட்ட இடத்தை நிரப்பும். ரீஸ் மூலத்தைக் கூண்டில் ஏற்றுகிறார். காலனி ஆண்டவர்களின் பார்வையில் எழுதியதை ஆளப்பட்ட மண்ணிலிருந்து கேள்வி கேட்பதுதான் பின்காலனியம். 1847-இல் வந்த ‘ஜேன் அய’ரில் மாடியில் பூட்டப்பட்ட பெர்தா ஜமைக்காவில் பிறந்தவள், 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்தவள். அவள் வாழ்க்கையைச் சொல்வதோ கணவன் ராசெஸ்டர். டொமினிக்கா தீவில் பிறந்த ரீஸ், 1966-இல் பூட்டையும் பவுண்டையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, கதையின் தொடக்கத்தையும் முடிவையும் அவளையே சொல்ல வைத்தார்.

ஓர் இடத்தைப் பாருங்கள். மூலத்தில் தன்னைப் பார்க்க வந்த சகோதரனைக் குத்திக் கடிக்கிறாள். பைத்தியம், அவ்வளவுதான். ரீஸிடமும் அதே தாக்குதல் நடக்கிறது. ஆனால் காவல் பார்க்கும் கிரேஸ் பூல் ஒரு விவரம் சொல்கிறாள்: கணவன் மனைவிக்கு நடுவே ‘சட்டப்படி’ தலையிட முடியாது என்று சகோதரன் சொன்னபோதுதான் இவள் பாய்ந்தாள். மனைவியின் பணம் கணவனுக்கே என்றிருந்த அன்றைய ஆங்கிலச் சட்டம் முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கேள்வி: தமிழில் சிலர் ‘பர்த்தா’ என்று எழுதுகிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். பர்த்தா என்றால் நமக்குப் புருஷன்! ‘பெர்தா’ போதும். ரீஸின் நாவலில் பெயர் சின்ன விஷயமில்லை. அவள் பெயர் அந்துவானெத். பெர்தா என்பது கணவன் கூப்பிடத் தொடங்கிய பெயர். வேறு பெயர் சொல்லி என்னை வேறொருத்தியாக்கப் பார்க்கிறாய், இதுவும் ஒபியாதான் என்கிறாள். ஒபியா என்பது அத்தீவுகளின் மாந்திரீகம். பதிலுக்கு ரீஸ் அந்தக் கணவனுக்குக் கடைசிவரை பெயரே வைக்கவில்லை.

கேள்வி: இரண்டு நாவலின் காலமும் ஒத்துப்போகவில்லையே?

பதில்: ஒத்துப்போகாது. ‘ஜேன் அய’ரில் புதிதாக வந்ததாகச் சொல்லப்படும் ‘மார்மியன்’ கவிதை 1808-இல் வெளியானது. பெர்தாவின் கல்யாணம் அதற்கும் பல வருஷம் முந்தியது. ரீஸ் கதையை 1833 அடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார். அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு பிரிட்டன் ஒதுக்கிய ஈட்டுத்தொகை 2 கோடி பவுண்டு, விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அந்தத் தொகை வருமென்று காத்துக் காத்து நொடித்த வீட்டில்தான் அந்துவானெத் வளர்கிறாள். தேதி நகராவிட்டால் இந்தச் சரிவைக் காட்டியிருக்கவே முடியாது.

கேள்வி: அவள் எந்த நாட்டுக்காரி?

பதில்: நாவல் மூச்சுமுட்டுவதே இங்கேதான். கறுப்பினத்தார் ‘வெள்ளைக் கரப்பான்’ என்கிறார்கள், இங்கிலாந்துக்காரர்களும் சேர்த்துக்கொள்வதில்லை. வீடு எரியும்போது தோழி தியாவிடம் ஓடுகிறாள். தியா கல்லை எறிகிறாள். ஒருத்தி முகத்தில் ரத்தம், மற்றவள் முகத்தில் கண்ணீர். கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது என்கிறாள் அந்துவானெத். ஆனால் கல்லெறிந்தவளின் கதையை யார் எழுதுவது? வெள்ளைக் கிரியோல்கள், அதாவது அந்தத் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர்கள், கரீபிய மக்களிடமிருந்து வெகுதூரம் விலகி நின்றவர்கள், அவர்களை அந்த மண்ணின் குரலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 1974-இல் பார்படோஸ் கவிஞர் கமாவ் பிராத்வெயிட் வாதிட்டார். அது நியாயமான அடி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சுதந்திரத்துக்குப் பிறகான தேசத்தைக் கேள்வி கேட்கும் மறுபுனைவு உண்டா?

பதில்: அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூதின் நாவல். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் ‘அந்நியன்’ (1942) நாவலில் சுடப்படும் அரபியனுக்குப் பெயரே கிடையாது. தாவூத் 2013-இல் அவனுக்கு மூஸா என்று பெயரும், ஹாரூன் என்று ஒரு தம்பியும் கொடுத்தார். 1962-இல், சுதந்திரம் வந்த கையோடு, ஹாரூன் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கொல்கிறான். விசாரிக்கும் அதிகாரிக்குக் கொலை உறுத்தவில்லை. போர் நடக்கும்போதே செய்யாமல் முடிந்தபின் ஏன் செய்தாய் என்பதுதான் அவர் கேள்வி.

கேள்வி: நானும் ஒன்று எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்க?

பதில்: பேச்சில்லாத ஒரு பாத்திரத்தைப் பிடியுங்கள். அது வரும் வரிகளை எல்லாம் பக்க எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே பணம், தேதி, ஊர். எதை மாற்றக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் மாற்றினால் மூலத்தோடு சண்டை போட ஆளே இருக்காது. பலரும் சறுக்குவது ஒடுக்கப்பட்டவரைத் தெய்வமாக்கி, இன்றைய மேடைப்பேச்சை அவர் வாயில் திணிப்பதில். அந்துவானெத் கோபத்தில் தியாவை இனத்தைச் சொல்லித் திட்டுகிறாள். ரீஸ் அதை மறைக்கவில்லை.

மூலத்தின் வரிகளை அப்படியே எடுப்பதானால் காப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. காம்யு 1960-இல் இறந்தார், அதனால் 2021 முதல் இங்கே தடையில்லை. பிரான்சில் 70 ஆண்டு.