மின்னலா, காப்பா?

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். போன இதழில் ஒருவர் வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் வீராங்கனையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இரண்டு வரி எழுதித் தப்பப் பார்த்தேன், விடமாட்டோம் என்கிறீர்கள். சரி, பக்கம் முழுவதையும் அதற்கே தருகிறேன். உரம், மாட்டு வருத்தம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: அண்ணை, வொண்டர் வுமனும் எக்ஸ்-மென் கூட்டத்து ஸ்டோர்மும் நேருக்கு நேர் மோதினால் யார் வெல்வார்? இதனால் நானும் தங்கச்சியும் இரண்டு நாளாகக் கதைப்பதில்லை. (விசுவமடு)

பதில்: முதல் வேலையாகத் தங்கச்சியோடு கதையுங்கோ தம்பி, ஏனென்றால் இந்தச் சண்டை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. 1996இல் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகளான மார்வெலும் (ஸ்டோர்ம் இவர்களின் ஆள்) டிசியும் (வொண்டர் வுமன் இவர்களின் ஆள்) கூட்டாக நான்கு இதழ்களில் ஒரு கதை வெளியிட்டன. இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் மொத்தம் 11 சண்டைகள். அதில் 5 சண்டைகளின் முடிவை எழுத்தாளர்கள் தீர்மானிக்காமல் வாசகர்களின் வாக்குக்கு விட்டார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார், ஸ்பைடர்மேனும் வுல்வரினும் தங்கள் சண்டைகளை வென்றார்கள், ஐந்தாவதில் ஸ்டோர்ம் மின்னலை இறக்கி வொண்டர் வுமனை விழுத்திவிட்டாள். தங்கச்சி ஸ்டோர்ம் பக்கம் என்றால் மன்னிப்புக் கேட்கவேண்டியது நீங்கள்தான்.

அந்த வருடம் வன்னியில் எங்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கேட்டிருந்தால் நானும் ஸ்டோர்முக்குத்தான் போட்டிருப்பேன். ஏன் என்று கீழே வருகிறது.

கேள்வி: வாக்கெடுப்பை விடுங்கோ, அது யாருக்கு ரசிகர் கூட்டம் பெரிது என்பதைத்தான் காட்டும். உண்மையான பலத்தை வைத்துச் சொல்லுங்கோ பார்ப்போம். (முழங்காவில்)

பதில்: நியாயம். 90களில் எக்ஸ்-மென் கார்ட்டூன் தொடர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நிறைய, அந்த வாக்குகள் ஸ்டோர்முக்கு நன்றாக உதவியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

பலம் என்று வந்தால் கிட்டச் சண்டையில் டயானாவுக்கு (வொண்டர் வுமனின் சொந்தப் பெயர்) பக்கத்தில் ஸ்டோர்ம் நிற்கவே முடியாது. ஸ்டோர்ம் வானத்தை ஆளலாம், ஆனால் உடம்பு எங்களைப் போல சதையும் எலும்பும்தான், டயானாவின் ஒரு குத்தோடு கதை முடிந்துவிடும். ஆகவே எல்லாம் தூரத்தில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் ஒருத்தியும் நடுத்தண்ணீருக்கு மேலே மற்றவளும் நிற்கிறார்கள் என்று வையுங்கோ. அந்த இடைவெளியை டயானா பறந்து கடப்பதற்குள் ஸ்டோர்ம் காற்றையும் மழையையும் மின்னலையும் ஒன்றாக அவிழ்த்துவிட வேண்டும். டயானா கையில் போட்டிருக்கிற காப்பால் துப்பாக்கிக் குண்டைத் தட்டிவிடுவாள், சரி. ஆனால் குண்டு ஓடுவது செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், கண்ணைப் பறிக்கிற அந்த மின்னல் வெட்டு ஓடுவது செக்கனுக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர். பார்த்துக் கையைத் தூக்குகிற விஷயமே இல்லை அது.

இங்கேதான் டயானா ஆட்களுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. 1987இல் ஜார்ஜ் பெரெஸ் அவளைப் புதிதாக எழுதியபோது அந்தக் காப்புகள் கிரேக்கக் கடவுள் ஸீயஸின் கேடயத்திலிருந்து செய்தவை என்று வைத்தார். 2011க்குப் பிறகு வந்த கதைகளில் அவள் ஸீயஸின் மகளாகவே ஆகிவிட்டாள். இடி மின்னலுக்கே அதிபதி ஸீயஸ். தகப்பனின் ஆயுதத்தால் மகளை அடித்து விழுத்துவது கொஞ்சம் இடிக்கிறது, இல்லையா? ஆகவே இன்றைய டயானாவென்றால் பத்துத் தடவை மோதினால் ஆறு ஏழு தடவை அவள்தான் வெல்வாள். இது என் கணக்கு, அடிக்க வராதேங்கோ.

கேள்வி: மார்வெல் வீரன் தோரின் சுத்தியலை வொண்டர் வுமன் தூக்கினாளாம் என்று பெடியள் சொல்கிறார்கள். பகிடியா, உண்மையா? (மல்லாவி)

பதில்: உண்மை. அதே 1996 கதையில்தான். தகுதி உள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய சுத்தியல் அவள் கைக்கு வருகிறது, தூக்கியும் விடுகிறாள். ஸ்டோர்மோடு மோதும் நேரம் வந்ததும், இதை வைத்துக்கொண்டு அடித்தால் அது நியாயமான சண்டை இல்லை என்று தள்ளி வைத்துவிடுகிறாள். பிறகு தோற்கிறாள். தோற்றது எனக்குக் கவலை இல்லை, ஆனால் அந்தச் சுத்தியலை வைத்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

கேள்வி: ஸ்டோர்முக்கு மூடிய இடம் என்றால் பயமாம். இவ்வளவு பலசாலிக்கு இப்படி ஒரு பயத்தை வைத்தது எழுத்தாளர்களின் சொதப்பல்தானே? பயந்தவள் என்ன வீராங்கனை? (ஒட்டுசுட்டான்)

பதில்: இந்தக் கேள்வி ஒட்டுசுட்டானில் இருந்து வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நீங்கள் சின்ன ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

ஸ்டோர்ம் 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் உருவாக்கிய பாத்திரம். சொந்தப் பெயர் ஓரோரோ மன்றோ, தாய் கென்யாக்காரி, தகப்பன் அமெரிக்கர். பிறகு கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய கதையில் அந்தப் பயத்துக்குக் காரணம் வருகிறது. அவள் சின்னப்பிள்ளையாகக் கெய்ரோவில் இருந்தபோது, சூயஸ் கால்வாய்ச் சண்டை நேரம், ஒரு விமானம் அவர்களின் வீட்டின் மேல் விழுகிறது. தாயும் தகப்பனும் செத்துப்போக, இடிபாட்டுக்குள் தாயின் உடலுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை உயிரோடு கிடக்கிறாள். வளர்ந்து வானத்தையே ஆளுகிறவளான பிறகும் ஒரு சின்ன அறைக்குள் மாட்டினால் உடம்பு நடுங்குகிறது.

எங்கட சண்டைக் காலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்து வந்த ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாமி இப்போதும் கதவைத் திறந்து வைத்துத்தான் படுப்பா, நுளம்பு பிடுங்கினாலும் பரவாயில்லை என்பா. அவவைப் பார்த்துப் பயந்தவள் என்று சொல்லுவீர்களா? நான் வாக்குப் போட்டிருப்பேன் என்றது இதற்காகத்தான். ஸ்டோர்மிடம் இருந்து மின்னலையும் பறித்துப் பார்த்தார்கள். 1984இல் வந்த கதையில் ஒரு துப்பாக்கியால் சுட்டு அவளின் சக்தி எல்லாவற்றையும் போக்கிவிட்டார்கள். 1986இல் எந்தச் சக்தியும் இல்லாமல், எக்ஸ்-மென் தலைமை யாருக்கு என்ற போட்டியில், கண்ணால் மலையைப் பிளக்கிற சைக்ளோப்ஸோடு மோதி வென்றாள்.

இன்னொன்றும் யோசித்தேன். டயானாவின் கயிற்றில் சுற்றப்பட்டவர் பொய் சொல்ல முடியாது. (அவளை 1941இல் உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன் ஒரு உளவியலாளர், பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் மாறுகிறதா என்று ஆராய்ந்த மனிதர், கயிறு அங்கிருந்து வந்திருக்கும்.) அந்தக் கயிறு ஸ்டோர்ம்மேல் விழுந்து, உன் பயம் என்ன என்று டயானா கேட்டால் பதில் வந்தே தீரும். பிறகு அவளைப் பிடித்து ஒரு குழிக்குள் தள்ளினால் சண்டை முடிந்தது. ஆனால் சுத்தியலையே தள்ளி வைத்தவள் அந்தக் கேள்வியைக் கேட்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கட கண்ணகி அம்மன் வந்து நின்றால்? (வற்றாப்பளை)

பதில்: வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணீரில் விளக்கு எரிகிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? மதுரையை எரித்தவளை இந்த விளையாட்டுக்குள் இழுக்காதேங்கோ. அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

கேள்வி: சூப்பர்கேர்ளும் கேப்டன் மார்வெலும் மோதினால்? (நெடுங்கேணி)

பதில்: கேப்டன் மார்வெல். சூப்பர்கேர்ள் கண்ணால் நெருப்பை விட விட, மற்றவள் அந்தச் சக்தியை உறிஞ்சி இன்னும் பலமாவாள். கையால் மட்டும் அடிபட்டால் வேறு கதை.

கேள்வி: எழுபது வயதில் இந்தப் பக்கத்தைப் பேரன் வாசிக்கக் கேட்கிறேன். அந்த மழைக்காரப் பிள்ளை எங்கள் பக்கம் வருமா? (அக்கராயன்)

பதில்: வந்தால் முதலில் உங்கள் வயலுக்குத்தான் அனுப்புவேன் ஐயா. விதைப்புக்கு ஒரு நல்ல மழை, பிறகு பயிர் கேட்கிற நேரம் அளவாக. ஆனால் தையில் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும்போது அவள் கையைத் தூக்கினால், 1996இல் போடாத வாக்கை அன்றைக்கு டயானாவுக்குப் போட்டுவிடுவேன் என்று பேரனிடம் சொல்லி வையுங்கோ.