மேடையில் பேஸ் கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். வீட்டில் ஒலி கனமாக, இனிமையாக இருக்கிறது. அதே செட்டிங்கோடு மேடை ஏறினால் நான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்பதில்லை. 100 வாட்ஸ் ஆம்பைக் கொடுத்துவிட்டு 300 வாட்ஸ் வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். 100-லிருந்து 300-க்குப் போனாலும் 5 டெசிபல்கூடத் தேறாது. அதற்கு அவ்வளவு பணம் போட வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் தனியாக வாசிக்கிறீர்கள். மேடையில் பேஸ் டிரம்மும் கீபோர்டுக்காரரின் இடது கையும் உங்கள் ஒலி இருக்கும் அதே இடத்துக்கு வந்துவிடுகின்றன. நான்கு கம்பியில் ஆகத் தடித்த ஈ கம்பியை அழுத்தாமல், திறந்தபடி மீட்டினால் அதிர்வு நொடிக்கு 41, அதாவது 41 ஹெர்ட்ஸ். ஆனால் நெரிசலுக்குள் 'இது ஈ, இது ஜி' என்று காதுக்குப் பிரித்துச் சொல்வது அந்த 41 அல்ல. அதற்கு மேலே 200-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை கூடவே எழும் மேல் சுருதிகளான ஹார்மானிக்ஸ். வீட்டில் இனிமைக்காக பேஸ் குமிழை ஏற்றி, மிட் (நடு ஒலி) குமிழை இறக்கி வைத்திருப்பீர்கள். மேடையில் காணாமல் போவதே அந்த மிட்தான்.

பேஸ் குமிழை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். 500-லிருந்து 800 வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மண்டபம் 'பொம்' என்று முழங்கினால் 200, 250 பக்கம் இறக்குங்கள். தனியாகக் கேட்டால் இந்த ஒலி மூக்கால் பேசுவதுபோல இருக்கும். பயப்படாதீர்கள், டிரம்ஸ் சேர்ந்ததும் அது சரியாகிவிடும்.

அடுத்தது ஆம்ப் இருக்கும் இடம். தரையில் வைத்து அதன் முன்னால் ஓரடியில் நின்றால் ஒலி முழங்காலுக்குத்தான் போகும். உறுதியான பெட்டியின் மேல் ஏற்றுங்கள், அல்லது முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி பின்பக்கம் சாய்த்து வையுங்கள். சுவர் மூலையில் தள்ளி வைத்தால் அடி ஒலி தானாகவே வீங்கும். பலகை மேடை இன்னொரு தொல்லை. உள்ளே காலியாக இருப்பதால் மேடையே ஒரு தோல் வாத்தியம்போல அதிரும். சவுண்ட் செக்கில் ஈ கம்பியின் அடியிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கிட்டாரின் கழுத்துக்குக் குறுக்கே பதித்த உலோகக் கோடு), ஒரே பலத்தில், மெதுவாக ஏறிப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில், உதாரணமாக ஐந்தாம் ஃப்ரெட் ஏ-யில், ஒலி திடீரென்று இரண்டு மடங்கு பெருக்கும். காலடிப் பலகையும் அதிரும். அது கிட்டாரின் குறை அல்ல. கேபினட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) அடியில் தடித்த ஃபோம் அல்லது ரப்பர் மேட் போடுங்கள். மிக்சரில் உங்கள் சானலுக்கு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள்.

கீபோர்டுக்காரரிடமும் பேசுங்கள். பேஸ் இருக்கும் பாட்டில் அவர் இடது கையை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே வைத்துக்கொண்டால், நீங்கள் எந்தக் குமிழையும் தொடாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் கம்பி ஃப்ரெட்டிலிருந்து எழும்பிவிடுகிறது, அழுத்த விரல் வலிக்கிறது. டிரஸ் ராடை நாமே திருப்பலாமா? உடைந்துவிடும் என்கிறார்களே.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: திருப்பலாம். அவசரம்தான் கூடாது. நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை (கிட்டாரின் கழுத்தை) ஏறத்தாழ 75 கிலோ விசையோடு முன்னால் இழுக்கின்றன. நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராட் அதற்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடலோரத்து ஈரத்தை மரம் குடித்ததும் இந்தச் சமன் குலைந்து, நெக் வில்போல முன்பக்கம் வளைகிறது.

முதலில் அளந்து பாருங்கள். கிட்டாரைச் சரியான சுருதியில் வைத்து, வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையில் 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்கிற ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். அவசரத்துக்கு ஒரு தடித்த விசிட்டிங் கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. தாராளமாக நுழைந்து ஆடினால் நெக் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்பக்கம் வளைந்திருக்கிறது; அப்போது முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி கரகரக்கும்.

வளைவு அதிகமென்றால், ராடின் முனையில் உள்ள நட்டின் முகத்தைப் பார்த்தபடி கடிகாரச் சுற்றில் திருப்பி இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுத் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள். ராட் உடைவது பெரும்பாலும் ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்றுத் திருப்புபவர்களுக்குத்தான். ஆலன் கீ சரியான அளவில் இருக்கட்டும்; சற்றுச் சிறியதைப் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு யாராலும் திருப்ப முடியாது. நட் அசைய மறுத்தால் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகு. டிரஸ் ராட் வளைவுக்கு மட்டும்தான். கம்பியின் உயரத்தை பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில்களின் திருகுகளால்தான் சரி செய்ய வேண்டும். 17-ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து ஈ கம்பியின் அடி வரை 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். பலமாக இழுத்து வாசிக்கும் கை என்றால் இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும். கடைசியாக, திறந்த கம்பியையும் 12-ஆம் ஃப்ரெட்டையும் டியூனரில் ஒப்பிடுங்கள். 12-ல் சுருதி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. பங்குனியில் காற்று வறண்டதும் இதே வேலையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: திருவிழா மேடைகளில் ஆம்ப் 'ம்ம்' என்று இரைகிறது. மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று ஒருவர் சொன்னார்.
– வாசகர், மதுரை

பதில்: அதைச் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், உங்கள் உயிரும் போகலாம்.

கிட்டார் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. மைக்கின் வலைமூடி சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சர் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே எர்த்தில் இருந்தால் ஆபத்தில்லை. உங்கள் ஆம்புக்கு மட்டும் எர்த் இல்லாமல் டூ-பின் அடாப்டரில் கரண்ட் வந்தாலோ, ஆம்ப் ஒரு லைனிலும் மிக்சர் ஜெனரேட்டரிலும் ஓடினாலோ, இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்ட் உங்கள் உதட்டில் நுழைந்து விரல் வழியே வெளியேறும். ஈர மேடையில் வெறுங்காலோடு நின்றால் இன்னும் மோசம்.

வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மறு முனையை பிரிட்ஜிலும் தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி செய்யும்வரை கிட்டாரைத் தோளில் மாட்டாதீர்கள். நியான் டெஸ்டரை நம்ப வேண்டாம், குறைந்த வோல்ட்டில் அது எரியாது. குழுவின் எல்லாக் கருவிகளும் மிக்சருக்குக் கரண்ட் வரும் அதே எர்த் உள்ள போர்டிலிருந்து வரட்டும். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் என்றால் அதன் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்சிசிபி விழாமல் போகலாம். அதை எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

இனி இரைச்சல். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். அந்த ஜி-யை வாசித்துப் பாருங்கள். இரைச்சல் அதைவிட ஒரு மயிரிழை ஏறி, ஏறக்குறைய அதே சுருதியில் நின்றால் கரண்ட்தான் கலந்திருக்கிறது. மிக்சருக்கு ஒயர் போட்ட பிறகுதான் வருகிறதென்றால் அது எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு வழியில் சேர்ந்து வளையமாகிவிட்டது; கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளுங்கள். அது சிக்னல் ஒயரின் கவசத்தை மட்டுமே விடுவிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. 'ர்ர்' என்று முரட்டுத்தனமாக வந்து, நீங்கள் திரும்பி நின்றால் கூடிக் குறைந்தால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், விளக்கு டிம்மரின் இரைச்சலையும் பிடிக்கிறது. ஜாஸ் பேஸ் வகையென்றால் இரண்டு வால்யூம் குமிழையும் ஒரே அளவில் வையுங்கள்; எதிரெதிராகச் சுற்றிய இரண்டு பிக்கப்பும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று கழித்துவிடும்.

கேள்வி: ஐந்து கம்பி பேஸ் அவசியமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பாடகர்களின் கட்டையை, அதாவது பாடும் சுருதியைப் பொறுத்தது. நான்கு கம்பியில் ஆகக் கீழே கிடைப்பது ஈ, அதாவது 3 கட்டை. பாடகர் தொண்டைக்காகப் பாட்டை 2½-க்கோ 2-க்கோ இறக்கினால் அடி ஸட்ஜமே உங்களிடம் இருக்காது. ஒரு ஆக்டேவ் மேலே போய்த்தான் வாசிக்க வேண்டும், பாட்டின் தரை நழுவியதுபோல ஆகிவிடும். வாரா வாரம் இப்படி நேர்ந்தால் ஐந்து கம்பி வாங்குங்கள். எப்போதாவது என்றால் ஈ கம்பியை டி-க்கு இறக்கி, அந்தக் கம்பியில் மட்டும் இரண்டு ஃப்ரெட் தள்ளி வாசித்துப் பழகுங்கள். ஐந்தாவது பி கம்பி 31 ஹெர்ட்ஸ். மலிவான கிட்டாரில் அது தொளதொளவென்று இருக்கும், கடையில் மற்றதையெல்லாம் விட்டு அதைத்தான் முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆம்ப் ஹெட்டில் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்பில்) 'குறைந்தது 4 ஓம்ஸ்' என்று போட்டிருக்கிறது. இரண்டு கேபினட் மாட்டலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் 8 ஓம்ஸ் என்றால் சேர்ந்து 4 ஆகும், மாட்டலாம். இரண்டும் 4 என்றால் 2 ஆகிவிடும். ஹெட் சூடாகி அணையும் அல்லது கருகும். கிட்டார் ஒயரை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள், உள்ளே முடிபோல ஓடும் கம்பி அந்தக் கரண்டைத் தாங்காது. வால்வ் ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் மாட்டாமல் சுவிட்சைப் போடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸில் 9 வோல்ட் பேட்டரி இரண்டே வாரத்தில் தீர்கிறது.
– வாசகர், சேலம்

பதில்: வாசித்து முடித்ததும் ஒயரைக் கிட்டாரிலிருந்து பிடுங்குகிறீர்களா? சுவிட்ச் இருப்பது அந்த ஜாக்கில்தான். ஒயர் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: கம்பியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது? வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிதாகிவிடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொதிக்க வைத்தால் சுற்றுக்குள் இருக்கும் அழுக்கும் வியர்வையும் வெளியேறும், பளிச்சென்ற ஒலி திரும்பும், ஆனால் சில நாளைக்குத்தான். நன்றாக உலர்த்தாவிட்டால் துரு பிடிக்கும். மாத கணக்கு எதுவும் கிடையாது. 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி நிற்காவிட்டாலோ, கம்பியின் அடியில் ஃப்ரெட் பதிந்த பள்ளம் நகத்துக்குத் தட்டினாலோ மாற்றுங்கள். பளிச்சென்ற ஒலியே வேண்டாமென்றால் மேற்புறம் தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடலாம். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை உயரமாக வைத்து, மாற்றாமலே வாசித்தார், அதுவும் பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால். புதுக் கம்பி போடும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நெக் அசையாமல் இருக்கும்.