பதில்: ‘தொழிலாளர்’ வினவலில் கொழுந்துக் கிலோவைக் கேட்டால் பிழை வருகிறது

வணக்கம். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோல் (தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் பேரேடு) மென்பொருளில், ‘தொழிலாளர்’ என்ற மூல வகுப்பை ஜேபிக்யூஎல் (ஜாவா வகுப்புகளின் பெயரால் தரவுத்தளத்தை வினவும் மொழி) கொண்டு வினவி, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவதற்காகக் கிலோ குறைந்தவர்களைத் தேடியபோது, ‘கிலோ என்ற பண்பு இல்லை’ என்று பிழை வந்ததாக எழுதியிருந்தீர்கள்.

மூல வகுப்பை வினவினால் அதன் துணை வகுப்புகளின் பொருள்களும் சேர்ந்தே வரும். ஆனால் வினவலைச் சரிபார்க்கும்போது மாறியின் அறிவிக்கப்பட்ட வகையே கணக்கில் எடுக்கப்படுவதால், ‘பறிப்பவர்’ வகுப்பில் மட்டும் உள்ள கிலோ அங்கே தென்படாது. பொருளின் வகுப்பைச் சோதிக்கும் ‘டைப்’ கொண்டு நீங்கள் வடிகட்டியிருந்தாலும் மாறியின் வகை மாறுவதில்லை. 2013இல் வந்த ஜேபிஏ 2.1 (ஜேபிக்யூஎல்லை வரையறுக்கும் ஜாவா தரநிலையின் பதிப்பு), மாறியைத் துணை வகுப்பாகக் கருதச் செய்யும் ‘ட்ரீட்’ என்பதை இதற்காகவே சேர்த்தது. நிபந்தனைப் பகுதியில் மாறியைப் ‘பறிப்பவர்’ ஆக ட்ரீட் செய்து கிலோவை ஒப்பிடுங்கள். பறிப்பவரல்லாத தொழிற்சாலைக்காரர்கள் பிழையின்றி விலகிவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘டைப்’ துல்லியமாக அந்த வகுப்பையே ஒப்பிடும். ஆகவே ‘பறிப்பவர்’ வகுப்பிலிருந்து ‘கைக்காசுப் பறிப்பவர்’ (கிலோக் கணக்கில் காசு பெறுபவர்) என்று ஒன்றை நீங்கள் பிரித்திருந்தால், அவர்கள் சத்தமில்லாமல் விடுபடுவார்கள், சம்பள நாளில்தான் தெரியவரும். ‘ட்ரீட்’ அவர்களையும் சேர்த்துக்கொள்ளும்.

எல்லா வகுப்புகளையும் ஒரே அட்டவணையில் வைத்திருந்தால், கிலோ நிரல் வெறுமையை ஏற்க வேண்டும். அங்கே இயல்பு மதிப்பாகப் பூச்சியம் இட்டுவைப்பதை நான் விரும்பமாட்டேன், ஏனெனில் பறிக்காதவரும் பூச்சியம் பறித்தவரும் ஒருவரல்லர்.