முதுமையில் நட்ஸ்: மூளைக்கு எவ்வளவு உதவும், எப்படிச் சாப்பிடுவது?

தினமும் வால்நட் சாப்பிட்டால் அப்பாவுக்கு மறதி நோய் வராதா?

அப்படி உறுதி தர முடியாதுங்க. பார்சிலோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் 63 முதல் 79 வயது வரையுள்ள 600க்கும் மேற்பட்டோரிடம் 2 ஆண்டுகள் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் தினம் 30 முதல் 60 கிராம் வால்நட் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் தொடவில்லை. 2020இல் வந்த முடிவு: மொத்தத்தில் நினைவுத் திறனில் வித்தியாசமில்லை. பார்சிலோனாவில் மட்டும் சரிவு சற்று மெதுவானது. அங்கிருந்தவர்களில் புகைபிடித்தோர் அதிகம், தொடக்கத்தில் நினைவுச் சோதனையில் எடுத்த மதிப்பெண்ணும் குறைவு; அதனால் பலன் தெரிந்திருக்கலாம். ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவரிடம் மாற்றம் தெரிய 2 ஆண்டுகள் போதாமலும் இருந்திருக்கலாம்.

வால்நட் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். ரத்தக்குழாய்க்கு நல்லது மூளைக்கும் நல்லதுதான். அதனால் கொடுங்கள். ஆனால் ரத்த அழுத்த மாத்திரைக்கும் நடைப்பயிற்சிக்கும் அது மாற்று ஆகாது.

எத்தனை கொடுக்கலாம்?

30 கிராம். வால்நட் என்றால் பாதிப் பருப்பாக 14, 15 வரும். பாதாம் என்றால் சுமார் 25. ஸ்பெயினில் மத்தியதரைக்கடல் உணவுமுறையை (காய்கறி, பழம், ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ளது) சோதித்தபோது 15 கிராம் வால்நட், 7.5 கிராம் பாதாம், 7.5 கிராம் ஹேசல்நட் என்று கலந்து கொடுத்தார்கள். 30 கிராமில் ஏறக்குறைய 190 கலோரி இருக்கிறது. பிஸ்கட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள்; இருப்பதோடு சேர்த்தால் எடைதான் கூடும். உப்புப் போட்டது வேண்டாம்.

அம்மாவுக்குப் பல் செட். மெல்ல முடியவில்லை, புரை ஏறுகிறது.

முழுப் பருப்பு கொடுக்கவே கொடுக்காதீர்கள். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட விட்டால் சூடேறி எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். அந்தப் பொடியை உலர்ந்தபடி வாயில் போடக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கஞ்சியிலோ தயிரிலோ நன்றாகக் குழைத்துக் கொடுங்கள். நட் வெண்ணெய் (நட்ஸை அரைத்த விழுது) தனியாகத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், அதையும் இளக்கித்தான் கொடுக்க வேண்டும். புரை ஏறுவது அடிக்கடி நடந்தாலோ பக்கவாதம் வந்தவராக இருந்தாலோ, முதலில் விழுங்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். நட்ஸ் காத்திருக்கலாம்.

பாதாமை ஊறவைத்துத் தோலுரிக்க வேண்டுமா?

மெல்லச் சுலபம் என்பதற்காக ஊறவைக்கலாம், சத்து பெரிதாக அதிகரிக்காது. ஊறியதை அன்றே சாப்பிட்டு முடியுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுகிறேன். காலையில் சாப்பிடலாமா?

மாலைக்கு மாற்றிவிடுங்கள். தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் மருந்து உடலில் சேர்வதை வால்நட் குறைக்கக்கூடும். தைராய்டு சரியாகக் கட்டுப்படாவிட்டால் அதுவே மறதியை உண்டாக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும்.

வாங்கிய வால்நட் கசக்கிறது. போகப்போகச் சரியாகுமா?

ஆகாது. தோலில் இலேசான துவர்ப்பு இயல்பு. பெயின்ட் போல வாடை வந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். வால்நட்டில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் கெடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சில மாதம் நிற்கும். பூஞ்சை பிடித்ததை வறுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.