ஆறு மாதத்துக்கு முந்தைய கத்திக்குத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் ஏஞ்சலினா நாப்போலிடானோ வழக்கைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினீர்கள். 1911-ல் கணவரைக் கோடரியால் வெட்டிக் கொன்ற கர்ப்பிணி. தூக்குத் தண்டனை விதித்தார்கள், அப்புறம் ஊர் உலகமெல்லாம் மனு எழுதி அவரைக் காப்பாற்றியது. சட்டம் கல்நெஞ்சாக இருந்தாலும் சமூகத்துக்கு ஈரம் இருந்தது என்றுதானே அர்த்தம்? நான் கேட்டபோது மழுப்பிவிட்டீர்களே!

ர.

அன்புள்ள ர.,

மழுப்பினேன்தான். மேடையில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வரவில்லை.

ஒண்டாரியோ மாகாணத்தின் சூ செயின்ட் மேரி நகரில் நடந்த கொலை அது. 1910 நவம்பரில் கணவர் பியெத்ரோ ஏஞ்சலினாவைப் பேனாக்கத்தியால் ஒன்பது இடத்தில் குத்தினார், முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. அதற்கு அவருக்குக் கிடைத்த தண்டனையை நிறுத்திவைத்து, ஒருநாள்கூட உள்ளே இருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு கட்டப் பணம் வேண்டும், உடம்பை விற்றுச் சம்பாதித்து வா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தவர், ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறன்று, நான் தூங்கி எழுவதற்குள் பணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். எழவில்லை.

மே மாதம் விசாரணைக்கு வந்தபோது ஏஞ்சலினாவுக்கு வக்கீலே கிடையாது, நீதிமன்றத்தில்தான் ஒருவரைப் பிடித்துப் போட்டார்கள். ஜூரிகள் 12 பேரும் ஆண்கள். விசாரணை சுமார் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. வக்கீல் அந்தக் கத்திக்குத்தை எடுத்தபோது நீதிபதி (அவர் பெயரே பிரிட்டன்!) அதை ஏற்க மறுத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் பட்ட காயத்தைக் கொலைக்குக் காரணமாகக் காட்டலாம் என்றால் நாடு அராஜகமாகிவிடும் என்பது அவர் வாதம்.

என்னைக் கேட்டால் வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் ஆத்திரமூட்டல் என்றால் அந்த நொடியில் மூண்டு, ஆறுவதற்குள் கை ஓங்கியிருக்க வேண்டும் என்றது அன்றைய குற்றவியல் சட்டம். சாராயக்கடையில் சண்டை போடும் இரண்டு ஆண்களுக்கு அந்தக் கணக்கு சரி. தினமும் அடிப்பவனோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருத்திக்கு நவம்பர் எப்போது முடிகிறது? கொலைக்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனை அன்றைய சட்டத்தில் இல்லை. ஜூரி கருணை கேட்டது. நீதிபதி நாள் குறித்தார், ஆகஸ்ட் 9. பிரசவம் முடிந்து ஒரு மாதம் ஆகட்டும் என்று கணக்குப் பண்ணிக் குறித்த நாள்!

சரி, உங்கள் ஈரத்துக்கு வருகிறேன். மனுக்கள் குவிந்தது உண்மை, ஜூலையில் ஒட்டாவாவில் கனடா அமைச்சரவை தண்டனையை ஆயுளாகக் குறைத்ததும் உண்மை. ஆனால் பரிந்து எழுதியவர்களிலேயே சிலர், பாவம் இத்தாலிக்காரி, சூடான ரத்தம், நம்மைப்போல அடக்கிக்கொள்ளத் தெரியாது என்கிற தோரணையில் எழுதினார்கள். அந்த இரக்கத்தை நான் எப்படிக் கொண்டாடுவது? அதோடு, அமைச்சரவை அந்த ஒரு உயிரை விட்டுவைத்ததே தவிர, நீதிபதி பிரிட்டன் சொன்ன சட்டம் அப்படியேதான் இருந்தது. ஒண்டாரியோவில் பெண்களுக்கு ஓட்டு வந்ததே 1917-ல்தான்.

அடிபட்டு வாழும் பெண்ணின் பயத்தைப் புரிந்துகொள்ள நிபுணர் சாட்சியம் கேட்கலாம் என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது 1990-ல், தன்னை அடித்துவந்த துணைவரைச் சுட்டுக் கொன்ற லவாலி என்ற பெண்ணின் வழக்கில். தீர்ப்பை எழுதியவர் பெர்த்தா வில்சன், அந்த நீதிமன்றத்துக்கு வந்த முதல் பெண் நீதிபதி. அடிபடும் மனைவியின் நிலையில் ஒரு சாதாரண ஆண் என்ன செய்வான் என்று கற்பனை செய்வது கஷ்டமாக இருந்தால், ஆண்கள் பொதுவாக அந்த நிலைக்கு வருவதில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்று அதில் எழுதினார். கூட்டத்தில் இதைத்தான் சொல்ல நினைத்தேன், மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

ஏஞ்சலினா 1922 டிசம்பர் கடைசியில் பரோலில் வெளியே வந்தார். வயிற்றிலிருந்த குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இறந்திருந்தது, மற்ற நான்கும் எப்போதோ வேறு வேறு வீடுகளுக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்டுவிட்டன.